தங்கக் காசை நியாய விலைக்கு விற்க: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே விலையில் போட்டிருக்கிறோம்: 22 காரட் கிராம் 11,000 ரூபாய். கணக்கு முழு எண்ணாக வருவதற்காக எடுத்துக்கொண்ட விலை இது. நீங்கள் விற்கப் போகும் நாளின் விலையை அந்த இடத்தில் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

காசு விற்கிறவர்கள் அதிகமாக ஏமாறுவது எங்கே?

தராசில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை காரட் கணக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டில் "இன்றைய தங்கம் விலை" என்று டிவியில் சொல்வதும், கடைப் பலகையில் பெரிதாக எழுதுவதும் 22 காரட் விலை. உங்கள் கையில் இருப்பதோ பேங்கில் வாங்கிய 24 காரட் காசாக இருக்கலாம். அதையும் பலகை விலையிலேயே போட்டுக் கொடுத்தால், கேட்கத் தெரியாதவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

22 காரட் விலையை 22ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் 24 காரட் விலை வரும். 11,000 என்றால் 12,000. பத்து கிராம் காசுக்கு 1,20,000 ரூபாய் மதிப்பு. 22 காரட் விலையில் போட்டால் 1,10,000தான். பத்தாயிரம் ரூபாய் ஒரே வரியில் போய்விடுகிறது. இதற்கு மேல் "இரண்டு சதவீதம் மட்டும் கழிக்கிறோம்" என்று சொன்னால் இன்னும் 2,200 குறையும். கழிவு குறைவு என்று விளம்பரம் செய்யும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது கழிவைப் பற்றி அல்ல, எந்த விலையிலிருந்து கழிக்கிறார்கள் என்பதை.

என்னிடம் இருப்பது 22ஆ 24ஆ என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காசின் பின்பக்கத்தைப் பாருங்கள். 999, 999.9, 995 என்று இருந்தால் 24 காரட். 916 என்றால் 22 காரட். பேங்குகள் விற்றவை, அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வருபவை பெரும்பாலும் 24. நகைக்கடைகள் விற்கும் அரைப் பவுன், ஒரு பவுன் காசுகளில் 22ம் உண்டு, 24ம் உண்டு. பில்லில் எழுதியிருக்கும்.

கிராமப் பக்கத்தில் அதிகம் இருப்பது அரசு திருமண உதவித் திட்டத்தில் கிடைத்த காசு. 2011 முதல் 4 கிராம், 2016 முதல் 8 கிராம் கொடுத்தார்கள். அவை 22 காரட். உசிலம்பட்டி, மேலூர் பக்கம் இன்னும் தாலிக்கு உருக்காமல் அப்படியே வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அதற்கு 24 காரட் விலை கேட்டு வாதாடினால் நடக்காது. பலகை விலையை முழுதாகக் கேட்பது உங்கள் உரிமை.

999க்கும் 995க்கும் உள்ள வித்தியாசம் பெரிதல்ல. பத்து கிராமுக்கு நம் கணக்கில் 480 ரூபாய். "995தான்" என்று சொல்லி இரண்டாயிரம் குறைத்தால் அது வெறும் பேச்சு.

எங்கள் அப்பத்தா வைத்திருந்த ராணி தலை போட்ட பவுனுக்கு எப்படிக் கணக்கு?

அது பிரிட்டிஷ் சவரன். எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், அதாவது 22 காரட். சுத்தத் தங்கம் மட்டும் 7.322 கிராம். ஒரு பக்கம் விக்டோரியா ராணி, எட்வர்ட், ஜார்ஜ் இப்படி ஒரு தலை. பெரும்பாலானவற்றில் மறுபக்கம் குதிரைமேல் இருந்து டிராகனைக் குத்தும் வீரன்.

இப்போது நாம் பவுன் என்று சொல்வது 8 கிராம். பழைய காசு அதைவிட 12 மில்லிகிராம் குறைவு. "எடை குறைகிறதே, தேய்ந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம், பிறவி எடையே அவ்வளவுதான். நம் விலையில் 7.988 கிராமுக்கு 87,868 ரூபாய். 7.94க்குக் கீழே இறங்கினால்தான் உண்மையாகத் தேய்ந்தது என்று அர்த்தம்.

உருக்கச் சம்மதிப்பதற்கு முன் வருஷத்தைப் பாருங்கள். 1918இல் மட்டும் பம்பாய் நாணயச்சாலையில் சவரன் அடித்தார்கள். வருஷ எண்ணுக்கு மேலே, குதிரைக்குக் கீழ்த் தரையில் பொடியாக ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதே வருஷம் அதே இடத்தில் பதினைந்து ரூபாய் தங்க மொகராவும் அடித்தார்கள். இந்த மாதிரிக் காசுக்கு, கீறல் இல்லாமல் இருந்தால், நாணயம் சேகரிப்பவர்கள் தங்க விலைக்கு மேல் கொடுப்பார்கள். நகைக்கடையில் அந்த மதிப்பு கிடைக்காது. அவர்களுக்கு எல்லாமே உருக்கும் தங்கம். புளி, பற்பசை, பாலிஷ் எதுவும் போடாதீர்கள். பளபளவென்று தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் தொடவே யோசிப்பார்கள்.

காசுமாலையிலிருந்து கழற்றிய காசு, கொக்கி ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?

கொக்கியைப் பற்றவைத்த இடத்தில் தங்கத்தின் டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்ற சுத்த அளவு) குறைவு. காசும் கொக்கியும் சேர்த்து எடைபோட்டு முழுவதையும் குறைந்த டச்சில் போட்டால் உங்களுக்கு நஷ்டம். கொக்கியை வெட்டித் தனியே வைத்து, இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, தனித்தனியாக விலை போடச் சொல்லுங்கள். அரக்கு, மெழுகு, கல் இருந்தால் அதை முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். சேகரிப்பு மதிப்புள்ள காசாக இருந்தால் மட்டும் கொக்கியை நீங்களாக வெட்ட வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே என்ன சோதிக்கலாம்?

முதலில் எடை. ஆன்லைனில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு 0.01 கிராம் காட்டினால் போதும். உறையில் இருக்கும் காசை இதற்காகப் பிரிக்காதீர்கள்.

உறை இல்லாத காசுக்குத் தண்ணீர்ச் சோதனை உண்டு. ஒரு சின்ன டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றித் தராசில் வையுங்கள், பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கவிடுங்கள்; அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாக ஆட்டி விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3, எனவே 10 கிராம் காசுக்குத் தராசு 0.52 காட்ட வேண்டும். 8 கிராம் 22 காரட் காசுக்கு 0.45 பக்கம் வரும். பித்தளைக்கு முலாம் பூசிய 8 கிராம் காசு என்றால் 0.9ஐத் தாண்டிவிடும். டங்ஸ்டன் மட்டும் தங்கத்தின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால் இந்தச் சோதனையில் தப்பித்துவிடும்.

கடையில் "கம்ப்யூட்டர் டெஸ்ட்" செய்கிறார்கள். அதை நம்பலாமா?

அது எக்ஸ்ரே கருவி. காசை வெட்டாமல் ஒரு நிமிடத்தில் தங்கம், வெள்ளி, செம்பு எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். காசு விற்பதற்கு இதுவே போதும். அதன் குறை, மேல்தோலை மட்டும்தான் படிக்கும். அதனால் முலாம் கனமாக இருந்தால் ஏமாறும், அழுக்கும் வியர்வையும் படிந்திருந்தால் டச்சைக் குறைத்தும் காட்டும். சோதனைக்கு முன் காசை மெல்லிய துணியால் துடைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, அச்சுச் சீட்டைக் கையில் வாங்குங்கள். திரையைத் திருப்பிக்காட்டிவிட்டு அணைப்பது போதாது.

உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்ப்பதும் தவறில்லை, அனுபவமுள்ள ஆசாரி கண்ணால் ஓரளவு சரியாகச் சொல்வார். ஆனால் அரை டச், ஒரு டச் வித்தியாசத்துக்குப் பணம் பேசும்போது உரைகல்லை ஆதாரமாக வைக்க முடியாது.

கடைக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நீங்களே கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு நகை வரை சேர்த்து 200 ரூபாய் என்ற அளவில்தான் கட்டணம் வைத்திருக்கிறார்கள், வரி தனி. காசையும் எடுத்துக்கொள்வார்களா என்று போகுமுன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பல லட்ச ரூபாய்ச் சரக்கு விற்பவர் இந்தச் செலவைப் பார்க்கக் கூடாது.

காசில் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண் இல்லை. போலியா?

இல்லை. ஹெச்யூஐடி என்பது ஹால்மார்க் செய்த ஒவ்வொரு நகைக்கும் தரும் தனி அடையாள எண், அது நகைகளுக்கானது. 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் நகைக்கு அது கட்டாயம். 24 காரட் காசுகள் வேறு வழியில் வருகின்றன. அவற்றுக்குச் சுத்திகரிப்பு ஆலையின் முத்திரை, வரிசை எண், அட்டை ஆகியவைதான் அடையாளம். அட்டையில் உள்ள எண்ணும் காசில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். இந்த எண்ணைக் காரணம் காட்டி விலை குறைத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

பேங்கில் வாங்கிய காசை பேங்கிலேயே கொடுக்க முடியாதா?

முடியாது. பேங்குகள் தாங்கள் விற்ற காசைத் திரும்ப வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி இல்லை. அடகு வைக்கலாம், அதற்கும் ஒருவருக்கு 50 கிராம் காசு வரைதான் என்ற வரம்பு உண்டு. மூன்று நான்கு மாதத்துக்குள் பணம் திரும்பும் என்றால் விற்பதைவிட அடகே லாபம். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

வாங்கிய விலை ஏறவே இல்லையே, ஏன் இவ்வளவு நஷ்டம்?

பத்து கிராம் 24 காரட் காசு வாங்கும்போது 1,20,000. அச்சுக்கூலி மூன்று சதவீதம் போட்டால் 3,600. இரண்டும் சேர்ந்த தொகைக்கு ஜிஎஸ்டி மூன்று சதவீதம், 3,708. மொத்தம் 1,27,308. மறுநாளே அதே விலையில் விற்றால் இரண்டு சதவீதம் கழித்து 1,17,600. கூலியும் வரியும் திரும்ப வராத பணம். தங்கம் எட்டு சதவீதத்துக்கு மேல் ஏறிய பிறகுதான் முதல் தேறும். ஒரு கிராம், அரை கிராம் காசுகளில் கூலி இன்னும் கூடுதல் என்பதால் அடி இன்னும் பெரிது.

விற்கும்போதும் ஜிஎஸ்டி பிடிக்கிறார்களே?

பிடிக்கக் கூடாது. வியாபாரம் செய்யாத தனி ஆள் தன் பழைய தங்கத்தைக் கடைக்கு விற்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது. "ஜிஎஸ்டி கழிவு 3 சதவீதம்" என்று சீட்டில் எழுதினால், எந்த விதியில் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த வரி காணாமல் போய்விடும்.

மதுரையில் எங்கே, எப்படி விலை கேட்பது?

தெற்காவணி மூல வீதியும் அதன் சந்துகளும்தான் நகை பஜார். பெரிய ஷோரூம், பழைய குடும்பக் கடை, உருக்கிச் சோதிக்கும் பட்டறை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் மூன்று இடத்தில் விலை கேட்க ஒரு மணி நேரம் போதும். திருமங்கலத்திலோ சோழவந்தானிலோ தெரிந்த ஒரே கடையில் கொடுத்துவிடுவதைவிட, பெரிய தொகை என்றால் பஸ் ஏறி இங்கே வந்துவிடுவது நல்லது. காசு வாங்கிய அதே கடைக்கு முதலில் போங்கள். சொந்த முத்திரைக் காசுக்குத்தான் குறைவாகக் கழிப்பார்கள்.

திங்கள் முதல் வெள்ளி, காலை விலை வந்த பிறகு, பதினொரு மணி வாக்கில் போங்கள். முகூர்த்த நாளிலும் அட்சய திருதியை அன்றும் வாங்க வருபவர்களைக் கவனிக்கவே கடைக்காரர்களுக்கு நேரம் இருக்காது. ஆடி மாதம் விலை குறையும் என்பதெல்லாம் கதை. உலகச் சந்தை, டாலர், இறக்குமதி வரி மூன்றும்தான் விலையை ஆட்டுகின்றன. 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்த அன்றே விலை விழுந்தது.

உள்ளே போனதும் காசை நீட்டாதீர்கள். முதலில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, 999 காசு, பத்து கிராம், பில் இருக்கு. இன்னிக்கு இருபத்துநாலு காரட் என்ன ரேட்டு போடுறீங்க? எவ்வளவு கழிப்பீங்க? பணமா எடுத்தா என்ன, மாத்தினா என்ன?" மூன்றுக்கும் ரூபாயில் பதில் வர வேண்டும். "கொடுங்க பார்ப்போம், நல்லாப் பண்ணித் தர்றோம்" என்பது பதில் இல்லை. உறையோடும் பில்லோடும் உள்ள காசுக்கு, அதன் காரட்டுக்கான விலையில் ஒன்று முதல் இரண்டு சதவீதக் கழிவு நியாயம். பில் இல்லாத, வேறு கடைக் காசுக்கு மூன்று வரை போகலாம். அதற்கு மேல் கேட்டால் எழுந்துவிடுங்கள்.

எடை போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று தசமம் காட்டும் தராசு, கண்ணாடிக் கதவு மூடியிருக்க வேண்டும், மேலே ஃபேன் ஓடக் கூடாது. காசு வைக்குமுன் 0.000 காட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள். தராசில் அந்த வருஷத்து முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரையிடுவதும் எடைப் புகார் விசாரிப்பதும் தொழிலாளர் துறை.

அதற்குப் பிறகு சீட்டு. 7.988 என்று காட்டியதை 7.9 என்று எழுதினால் 88 மில்லிகிராம் போச்சு, நம் விலையில் 968 ரூபாய். ஒரு கிராம் காசுகள் ஐந்து கொண்டுபோய் ஒவ்வொன்றையும் இப்படிக் கீழே இறக்கினால் தொகை பெரிதாகும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் எடை போடச் சொல்லுங்கள்.

உருக்கித்தான் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

முத்திரை தெளிவாக இருக்கும் காசுக்குத் தேவையில்லை. உருக்கினால் காசு என்ற அடையாளம் போய் வெறும் கட்டி ஆகிவிடும். பிடிக்காவிட்டால் இன்னொரு கடையில் காசாகக் காட்ட முடியாது. பேரம் பேசும் உங்கள் பலம் அந்த மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) கரைந்துவிடும். எனவே விலையையும் கழிவையும் எழுதி வாங்கிய பிறகே சம்மதியுங்கள்.

உருக்குவது என்று முடிவானால் பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே எடுத்துக்கொண்டு போகவிடாதீர்கள். முன் எடை, பின் எடை இரண்டும் எழுத வேண்டும். பற்றவைப்பு இல்லாத சுத்தமான காசு உருக்கினால் எடை அநேகமாகக் குறையாது. நூறு மில்லிகிராம் குறைந்தது என்றால் மூசையின் சுவரையும் வெண்காரக் கசடையும் பாருங்கள், தங்கம் மணி மணியாக ஒட்டியிருக்கும். சோதனைக்கு வெட்டிய துண்டும் உங்களுடையது. அதையும் எடையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

காசைக் கொடுத்து நகையாக மாற்றினால் கழிவே இல்லையாம். அதுதானே நல்லது?

நகை எப்படியும் வாங்கப் போகிறவருக்கு நல்லது. மற்றவருக்கு இல்லை. 8 கிராம் 22 காரட் காசுக்கு முழு 88,000 வரவு வைப்பார்கள். அதே எடைச் சங்கிலிக்கு சேதாரமும் செய்கூலியும் பதினைந்து சதவீதம் என்றால் 13,200. மொத்தம் 1,01,200க்கு ஜிஎஸ்டி 3,036. காசு கொடுத்தபின்னும் 16,236 ரூபாய் கையிலிருந்து போகும். வரியை மீதித் தொகைக்கு மட்டும் போட மாட்டார்கள், புது நகையின் முழு விலைக்கும் போடுவார்கள். பேரத்தைச் சேதாரத்தில் வையுங்கள். கழிவில்லை என்று கொடுத்ததை அங்கேதான் எடுக்கிறார்கள்.

ரொக்கமாகத் தர மறுக்கிறார்கள். சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒருவருக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது கடைக்குச் செலவாகக் கணக்காகாது. அதனால் ஒழுங்கான கடை வங்கிக் கணக்குக்கு அனுப்பும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது உங்களுக்கே தடை, வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் உண்டு. பணம் கணக்கில் ஏறிய எஸ்எம்எஸ் வந்த பிறகு காசை விட்டுவிட்டு எழுந்திருங்கள். "சாயந்திரம் போட்டுவிடுகிறோம்" என்றால் காசும் சாயந்திரம் வரட்டும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், பில் இருந்தால் பில். திருட்டுத் தங்கம் வாங்கினால் கடைக்காரர் மேலும் வழக்கு வரும் என்பதால்தான் அடையாளம் கேட்கிறார்கள். அடையாளமே கேட்காமல் வாங்குகிற இடத்தில் விலையும் அடிமாட்டு விலையாகத்தான் இருக்கும்.

வருமான வரி கட்ட வேண்டுமா?

லாபத்துக்கு உண்டு. வாங்கி 24 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் லாபத்தில் 12.5 சதவீதம்; 2024 ஜூலை 23க்குப் பிறகு பணவீக்கக் கணக்குச் சலுகை இல்லை. அதற்குள் விற்றால் உங்கள் மற்ற வருமானத்தோடு சேரும். அப்பா அம்மாவிடமிருந்து வந்த காசு என்றால் அவர்கள் வாங்கிய தேதியும் விலையும்தான் கணக்கு. 2001 ஏப்ரல் 1க்கு முன்பு வாங்கியதற்கு அந்த ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து நகை மாற்றினாலும் வரிக் கணக்கில் அது விற்பனைதான்.

தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்த பழைய தங்கக் காசு?

விற்காதீர்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் இருக்கிறது. கீழடிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பரம்பரையாக இருக்கும் காசும் நூறு வருஷம் தாண்டியிருந்தால் 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்தனுப்பி அங்கே விற்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.